பீரோவில் வைத்த மழை

என்னைப் பேச வரச் சொல்லிக் கேட்டீர்கள். எழுதித் தருகிறேன் என்று சொல்லிவிட்டேன். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு ஓய்வுபெற்றவளைப் பேச விட்டால் உங்களில் பாதிப் பேர் கண்ணைத் திறந்தபடியே தூங்குவீர்கள். நானும் அப்படித் தூங்கியவள்தான், அதனால் தெரியும். எழுத்தாக இருந்தால் தூக்கம் தெளிந்த பிறகு படித்துக்கொள்ளலாம். நம் வானிலைத் தரவு மையத்தின் சர்வர் அறையில் இருபது வருடத்துக்கு மேல் இருந்தேன். நான் சரியாகச் செய்ததையெல்லாம் உங்கள் கையேட்டில் யாராவது எழுதி வைத்திருப்பார்கள். தப்பாகச் செய்தது ஒன்று இருக்கிறது. அதை நான்தான் எழுத வேண்டும்.

முதலில் அந்த அறை. நீங்கள் அதற்குள் ஸ்வெட்டர் மாட்டிக்கொண்டு போகிறீர்கள், வேலை முடிந்ததும் வெளியே ஓடி வந்துவிடுகிறீர்கள். எனக்கு அப்படி இல்லை. வெளியே திண்டுக்கல் வெயில் ரோட்டுத் தாரை இளக்கிக்கொண்டிருக்கும். உள்ளே நான் ஒரு திரைக்கு முன்னால் உட்கார்ந்து மழை பார்த்துக்கொண்டிருப்பேன். பத்து நிமிடத்துக்கு ஒரு முறை ஒவ்வொரு ஊர் நிலையத்திலிருந்தும் ஒரு வரி வரும். நத்தத்து மாந்தோப்பில் காற்று திசை மாறும். அகரத்தில் காற்றின் ஈரம் ஏறும். கொஞ்ச நேரத்தில் நத்தம் அரை மில்லிமீட்டர் என்று சொல்லும், அடுத்த வரியில் நாலு என்று சொல்லும். எனக்கு அங்கேயே மண்வாசனை வந்துவிடும். சிரிக்காதீர்கள். தலையில் ஒரு சொட்டும் படாமல் அந்த நாற்காலியில் நான் நனைந்த மழைகள் எத்தனையோ.

அந்தக் காலத்தில் சர்வரில் இருந்தவை சுழலும் ஹார்டு டிஸ்க்குகள். முணுமுணுத்துக்கொண்டே இருக்கும். ஒன்றுக்கு உடம்பு சரியில்லை என்றால் குரலிலேயே தெரியும். பிறகு எஸ்.எஸ்.டி. வந்தது. அதற்குள் ஓடுகிற பாகமே கிடையாது. கண்ணுக்குத் தெரியாத சின்னச் சின்ன அறைகளில் துளி மின்சாரத்தை அடைத்து வைத்து, அதையே எழுத்து என்கிறது. அறை சட்டென்று அமைதியாகிவிட்டது. கேட்டது கேட்ட நொடியில் வந்தது. எனக்கு அதன் மேல் ஆசை வந்துவிட்டது. ஆசை வந்த இடத்தில் கேள்வி கேட்கத் தோன்றாது, அதுதான் அதிலுள்ள சிக்கல்.

எழுத எழுத அது தேயும் என்பது எனக்குத் தெரியும். வானிலைத் தரவு ஒரேயடியாக மூட்டையாக வந்து இறங்குவதில்லை. துளித்துளியாக, இருபத்துநாலு மணி நேரமும் எழுதிக்கொண்டே இருக்கும். மற்ற அலுவலகங்களில் பல வருடம் உழைக்கிற எஸ்.எஸ்.டி. நம்மிடம் சீக்கிரமே களைத்துவிடும். அதைக் கணக்கில் வைத்திருந்தேன். களைத்துப்போனதை வெளியே எடுத்து வைத்த பிறகு அது என்ன ஆகும் என்று மட்டும் நான் யாரையும் கேட்கவில்லை.

நான் சொல்ல வந்த தப்பு நடந்த வருடம் ஒரு எஸ்.எஸ்.டி. முடியப்போகிறது என்று சர்வர் எச்சரிக்கை காட்டியது. புதியது வந்து இறங்கியிருந்தது. ஆயுத பூஜைக்கு இன்னும் நாலு நாள். நம் அலுவலக வழக்கம் உங்களுக்குத் தெரியும். எந்தப் புதுச் சாமானாக இருந்தாலும் அன்றைக்கு நல்ல நேரத்தில்தான் மாட்டுவோம். நான் ஞாயிறு தவறாமல் கோவிலுக்குப் போகிற கிறிஸ்தவச்சி. இருந்தாலும் அந்த அறையில் சந்தனமும் குங்குமமும் வைப்பது வருடா வருடம் என் வேலைதான், வேறு யார் கையையும் அந்தப் பெட்டிகள் மேல் பட விட்டதில்லை.

பூஜை அன்று காலை பழையதிலிருந்து புதியதுக்கு எல்லாவற்றையும் நகல் எடுத்துக்கொண்டிருந்தேன். முதன்மைப் பதிவேடு முடிந்தது. "பிந்தி வந்தவை" என்று ஒரு கோப்புறை மட்டும் பாக்கி இருந்தது. பெரிய காற்றும் இடியும் வந்தால் செல்போன் கோபுரம் படுத்துவிடும் அல்லவா? அப்போது நிலையங்கள் அளந்ததைத் தம்மிடமே வைத்திருந்து, சிக்னல் வந்ததும் மொத்தமாக அனுப்பும். அந்த வரிகள் இந்தக் கோப்புறையில் வந்து விழும். நான் வாரத்துக்கு ஒரு முறை சரிபார்த்து, கையால் முதன்மைப் பதிவேட்டில் சேர்ப்பேன். அந்த மே மாதம் மகளுக்குப் பிரசவம் என்று லீவில் இருந்ததால் சில வாரங்கள் சேர்க்காமல் நின்றுபோயின. வந்து செய்யலாம் என்று இருந்தேன். வந்தேன், செய்யவில்லை.

"மேடம், நல்ல நேரம் முடியப் போகுது" என்று வாசலிலிருந்து குரல் வந்தது. கையில் சூடத்தட்டோடு எல்லோரும் காத்திருந்தார்கள். கோப்புறை எங்கே ஓடிவிடப் போகிறது, பழையதில்தானே இருக்கிறது, நாளைக்கு எடுத்துக்கொள்ளலாம் என்று நிறுத்திவிட்டேன். புதியதை மாட்டினேன். பூஜை போட்டாயிற்று, பழையதுக்கும் ஒரு பொட்டு வைத்தேன். பொட்டு வைத்த சாமானைக் குப்பையில் போட மனம் வராது. பழையதைத் துணியில் சுற்றி, மாடியில் பதிவேடுகள் இருக்கும் இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினேன். நகையை வைக்கிற பத்திரத்தோடு வைத்தேன். நாளைக்கு என்று சொன்னதை மறந்துவிட்டேன். அந்த அறைக்குத் தகரக் கூரை. சித்திரை வெயிலில் பீரோ கைப்பிடியைத் தொட்டால் கை பொசுங்கும்.

பேக்கப் இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தது. முதன்மைப் பதிவேட்டுக்கு மட்டும்.

இரண்டு கோடை போயிற்று. அதற்கடுத்து வந்த ஜூன் மாதம் மேலாளர் என்னைக் கூப்பிட்டார். கையால் அளக்கிற மழைமானிகளின் பதிவையும் தானியங்கி நிலையங்களின் பதிவையும் ஒப்பிட்டுப் பார்க்கும் வேலை அப்போது நடந்துகொண்டிருந்தது. அவர் மேசையில் ஒரு தாள் இருந்தது. ஒரு வரியில் சிவப்புக் கோடு போட்டிருந்தார்.

"சேவுகம்பட்டிப் பக்கத்து ஸ்கூல் ஸ்டேஷன். மே மாசம், ரெண்டு வருசத்துக்கு முன்னாடி. கையில அளந்தது நூத்திப் பதினெட்டு மில்லிமீட்டர். அதுக்குப் பக்கத்துலயே பத்தடி தள்ளி நம்ம மிஷின் நிக்குது, அது ஒம்பதுன்னு சொல்லுது. பாத்தீங்களா மேடம்?"

பார்த்தேன். அந்தப் பள்ளியில் மதிய உணவு சமைக்கும் பாண்டியம்மாள்தான் அங்கே மழை அளப்பவர். தினமும் காலை எட்டரைக்கு அளந்து, நீள நோட்டில் எழுதி, எனக்குக் குறுஞ்செய்தி அனுப்புவார். பதினொரு வருடமாக அனுப்பிக்கொண்டிருந்தார். நாங்கள் நேரில் பார்த்துக்கொண்டதே கிடையாது. சிக்னல் இல்லாத நாளில் கூப்பிட்டு எண்ணைச் சொல்லுவார், கூடவே "அங்கிட்டு மழையாக்கா?" என்று ஒரு கேள்வி கேட்பார். அந்தக் குரல் மட்டும்தான் பழக்கம்.

"அந்தப் பெரிய மழைய வச்சு அந்த ஊருக்குப் பூந்தோட்டம் அழிஞ்சதுக்கு நிவாரணம் கிடைச்சிருக்கு. அந்தம்மாவோட சொந்தக்காரங்களுக்கும் அங்க தோட்டம் இருக்கு. ஊரைக் கேட்டா ஊரு ஆமான்னுதான் சொல்லும். வீட்ல இருந்தே எழுதிட்டாங்கன்னு நினைக்கிறேன். இனிமே அளக்க வேண்டாம்னு சொல்லியாச்சு. அடுத்த வாரம் வெள்ளிக்கிழமை விசாரணைக் குழு வருது. பொய்னு ஆயிட்டா அவங்களோட பதினொரு வருசப் பதிவையும் நீக்கிரலாம்."

மழையளப்பு அவருக்குப் பகுதிநேர வேலைதான். ஆனால் பொய்க் கணக்கு எழுதியவள் என்று ஒரு பெயர் வந்துவிட்டால் பள்ளிக்கூட வேலையும் நிற்காது, ஊருக்குள் தலைகாட்டவும் முடியாது. பதினொரு வருட மழையும் ஒரே அடியில் இல்லாமல் போகும்.

நான் என் அறைக்கு வந்து அந்த நாளைத் திறந்தேன். நாள் மொத்தத்தைப் பார்க்காமல் பத்து நிமிடம் பத்து நிமிடமாகப் பார்த்தேன். மதியம் இரண்டரையிலிருந்து நாலரை வரை ஒன்றுமே இல்லை. பன்னிரண்டு வரிகள் வரவேயில்லை. நாள் மொத்தத்தைக் கூட்டுகிற நிரல், வராத வரியை மழை பெய்யாத வரி என்று எடுத்துக்கொண்டு பூஜ்யம் போட்டுக் கூட்டியிருந்தது. அந்த நிரலை எழுதியவளும் நான்தான். ஒருவர் வராததற்கும், வந்து ஒன்றும் இல்லை என்று சொன்னதற்கும் வித்தியாசம் தெரியாமல் எழுதியிருக்கிறேன். அந்தப் பன்னிரண்டு வரிகளும் எங்கே இருக்கின்றன என்று நினைத்த மாத்திரத்தில் மாடிக்கு ஓடினேன்.

பொட்டு அப்படியே இருந்தது. கீழே கொண்டுவந்து மாட்டினேன். விளக்கு எரிந்தது. கோப்புறையின் பெயர் தெரிந்தது. திறந்தால் உள்ளே படிக்க முடியவில்லை என்றது. மறுபடி முயன்றேன், எஸ்.எஸ்.டி.யே காணாமல் போயிற்று. கழற்றி மாட்டினால் வந்தது, நாலைந்து நிமிடத்தில் மறுபடி காணோம்.

மேலாளரிடம் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் கெட்டவரில்லை, அவசரக்காரர். "பக்கத்து ஸ்டேஷன்களை வச்சு அந்த ரெண்டு மணி நேரத்த நிரப்பிருங்க, அதுக்குத்தான் முறை இருக்கே" என்றார். முறை இருக்கிறது. ஆனால் கோடையிடி மழை ஒரு தோட்டத்தில் கொட்டிவிட்டு அடுத்த தோட்டத்தை எட்டிக்கூடப் பார்க்காது. அன்று பக்கத்து நிலையங்களில் வெறும் தூறல்தான். அதை வைத்து நிரப்பினால் பாண்டியம்மாள் பொய்க்காரி என்று நானே கையெழுத்துப் போட்ட மாதிரி ஆகும். "நிரப்ப மாட்டேன் சார்" என்றேன். என் சர்வீஸில் அவரிடம் அப்படிப் பேசியது அது ஒரு தடவைதான்.

மறுநாள் பஸ் பிடித்துச் சேவுகம்பட்டிப் பக்கம் போனேன். எதற்காகப் போனேன் என்று இப்போது யோசித்தால் சரியாகத் தெரியவில்லை. போனில் சொல்லியிருக்கலாம். ஆனால் இதைப் போனில் சொல்லக்கூடாது என்று தோன்றிற்று. பள்ளிச் சமையல் கூடத்தில் அவர் முருங்கைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார். நான் நினைத்து வைத்திருந்ததைவிட ஒல்லி. என் குரலைக் கேட்டதும் நிமிர்ந்தார்.

"ரெஜினாக்காவா? செத்த நேரம் உக்காருங்க. வெஞ்சனத்துக்கு உப்புப் போட்டுட்டு வாரேன்."

உப்புப் போட்டு, கையைக் கழுவி, முந்தானையில் துடைத்துக்கொண்டு எதிரே வந்து நின்றார். எஸ்.எஸ்.டி., கோப்புறை, பீரோ, தகரக் கூரை எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னேன். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும்.

"அப்ப அன்னைக்கு அம்புட்டு மழை பேஞ்சது உங்க மிஷினுக்கும் தெரியும்?"

"தெரியும்."

"நான் பொய் எழுதலைன்னு உங்களுக்குத் தெரியும்?"

"தெரியும் பாண்டியம்மா."

"பெறகென்ன, அத அவங்ககிட்ட சொல்லுங்க."

"வாயால சொன்னா எடுத்துக்க மாட்டாங்க. எழுத்துல கேப்பாங்க."

"நானும் எழுத்துலதானக்கா குடுத்தேன்" என்றார். அடுப்பில் ஏதோ பொங்கியது, உள்ளே போய்விட்டார்.

திரும்பி வரும் பஸ்ஸிலேயே, எஸ்.எஸ்.டி.யில் போனதை மீட்கத் தெரிந்தவர்களைப் போனில் விசாரிக்க ஆரம்பித்தேன். பெரிய ஊரில் ஆள் இருக்கிறார்கள், அனுப்பினால் ஒரு மாதம் ஆகும் என்றார்கள். எனக்கு இருந்தது ஆறு நாள். மூன்று நாள் அலைந்த பிறகு, கடைசியில் பஸ் நிலையத்துக்குப் பின்னால், ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்த கடையைக் காட்டினார்கள். செல்போன் சரிபார்ப்பவர், என் வயதுதான் இருக்கும். பெயரை எங்கேயும் போடக்கூடாது என்று பிறகு கேட்டுக்கொண்டார், அதனால் பாய் என்றே சொல்லுகிறேன். அவர் எஸ்.எஸ்.டி.யைக் கையில் வாங்கி, பொட்டைப் பார்த்துச் சிரித்தார்.

"பூஜையெல்லாம் போட்டு வெயில்ல காயப் போட்டுட்டீங்களா?"

"பத்திரமாத்தான் பாய் வச்சேன்."

"அதாம்மா தப்பு. இதுல எழுத்துன்னு ஒண்ணும் கிடையாது. அடைச்சு வச்ச கரண்ட்டுதான். புதுசுன்னா கொஞ்ச காலம் தாங்கும். இது எழுதி எழுதித் தேஞ்சு கிடக்கு, அடைக்கிற கதவெல்லாம் லூசு. அதுல சூடு வேற. உள்ள இருந்தது கொஞ்சம் கொஞ்சமாக் கசிஞ்சு போயிருக்கு. அப்பப்ப கரண்ட் குடுத்து எழுப்பியிருந்தா அதுவே தன்னத் திருத்தி எழுதிக்கிட்டிருந்திருக்கும். நீங்க பூட்டிட்டீங்க."

"செத்துப்போச்சா?"

"சாகல. மறந்துக்கிட்டு இருக்கு. எம்புட்டு மிச்சம் இருக்குன்னு பாப்போம்."

தரவைக் காப்பது பற்றி நான் எவ்வளவோ பயிற்சி வகுப்புகளில் உட்கார்ந்திருக்கிறேன். யாரும் இப்படிச் சொல்லித்தரவில்லை. எடுத்து வைத்துவிட்டால் அது இருக்கும் என்று நாம் எல்லோரும் நினைக்கிறோம். பழகிக்கொண்டே இருப்பதுதான் இருக்கும்.

அடுத்த மூன்று பகலும் அந்த மாடிப்படிக்குக் கீழேதான் இருந்தேன். அவர் எஸ்.எஸ்.டி.க்கு மின்சாரம் கொடுப்பார். அது எழுந்து நாலைந்து நிமிடம் இருக்கும், பிறகு மறைந்துவிடும். ஆறவிட்டு மறுபடி எழுப்புவார். அதன் மேல் எதுவும் எழுதிவிடாதபடி பூட்டுப் போட்டுவிட்டு, ஒரே இடத்தை மெதுவாகத் திரும்பத் திரும்பப் படிக்க வைத்தார். பத்துத் தடவை தெரியாது என்றது பதினோராவது தடவை ஒரு துண்டைச் சொல்லும்.

முதல் நாள் சாயங்காலம் அவர் கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். "எத்தன தடவை எந்திரிக்கும்னு என்னால சொல்ல முடியாது. இதுல எது வேணும்னு இப்பவே முடிவு பண்ணிருங்க. எல்லாம் வேணும்னா எதுவும் கிடைக்காது."

அந்தக் கோப்புறையில் அந்த மே மாதத்தில் சிக்னல் நின்றுபோன எல்லா ஊர்களின் வரிகளும் இருந்தன. நத்தத்தில் மாங்காய் உதிர்ந்த காற்று அதில் இருந்தது. அகரத்தின் முதல் கோடை மழை அதில் இருந்தது. ஒவ்வொன்றும் எங்கேயோ உண்மையாகப் பெய்தவை, வேறெங்கும் எழுதப்படாதவை. பெட்டி நிறைந்துபோய், அதிலிருந்து எதை வெளியே எடுத்துப்போட என்று தெரியாமல் நிற்கிற மாதிரி நின்றேன். பிறகு சேவுகம்பட்டி, அந்த ஒரு நாள் மட்டும் போதும் என்றேன். மற்றதெல்லாம் போயிற்று. அவற்றுக்காக நான் அழுதேன் என்று சொன்னால் நம்புங்கள்.

அதற்குப் பிறகான இரண்டு பகல்களும் இப்போது நினைத்தால் விழித்துக்கொண்டே கண்ட கனவு மாதிரிதான் இருக்கின்றன. எஸ்.எஸ்.டி.யின் சூடு ஏறி இறங்கக்கூடாது என்று மின்விசிறியைக்கூட நிறுத்திவிட்டார். தெருவில் புழுதியும் பஸ் ஹாரனும். நான் ஸ்டூலில் வியர்த்து உட்கார்ந்திருப்பேன், கண் சொருகும். "ஒண்ணு வந்திருச்சு" என்று பாய் சொல்லுவார். பார்த்தால் ஒரே ஒரு வரி. மூன்று இருபது, பதினாலு மில்லிமீட்டர். பத்தே நிமிடத்தில் பதினாலு. வாளி வாளியாகக் கவிழ்த்திருக்கிறது. அந்தப் பள்ளித் தோட்டத்து முருங்கை வளைவதும், சமையல் கூடத்து ஓட்டிலிருந்து தண்ணீர் கயிறாக இறங்குவதும் கண்ணில் தெரியும். வெளியே ஒரு பொட்டு மேகம் இருக்காது.

வரிகள் வரிசையாக வரவில்லை. முதலில் நடு மழை வந்தது. பிறகு மழை விட்டு ஓய்ந்த நேரம் வந்தது. அதற்குப் பிறகுதான் முதல் துளிகள் விழுந்தன. இரண்டு வருடம் தாமதமாக, தலைகீழாக, ஒரு மாடிப்படிக்குக் கீழே அந்த மழை எனக்காக மறுபடி பெய்தது. அந்த நேரத்தில் விசாரணை, மேலாளர் எல்லாம் மறந்தே போயிற்று. சந்தோஷமாக இருந்தேன். வெட்கமில்லாமல் சொல்கிறேன், என் வேலையில் அவ்வளவு சந்தோஷமாக நான் இருந்ததே இல்லை.

வியாழக்கிழமை மத்தியானம் எஸ்.எஸ்.டி. எழவில்லை. மறுபடியும் எழவில்லை. அவர் அதைத் துணியில் சுற்றி என்னிடம் கொடுத்தார். பன்னிரண்டில் ஒன்பது வரிகள் கிடைத்திருந்தன. ஒன்பதையும் கூட்டினால் எண்பத்து மூன்று. ஏற்கனவே பதிவான ஒன்பதையும் சேர்த்தால் தொண்ணூற்றிரண்டு. பாண்டியம்மாள் எழுதியது நூற்றுப் பதினெட்டு.

அலுவலகத்துக்கு ஓடினேன். மேலாளர் தாளைப் பார்த்தார், முகம் மாறிவிட்டது. தான் அவசரப்பட்டது அவருக்குப் புரிந்துவிட்டது. புரிந்ததும் மறுபக்கம் அவசரப்பட ஆரம்பித்தார்.

"மேடம், கிடைச்ச ஒம்பதோட சராசரிய அந்த மூணு இடத்துலயும் போட்டுப் பாருங்க. நூத்திப் பதினெட்டுக்குப் பக்கத்துல வந்திரும். போட்டுருங்க. அந்தம்மா தப்பிச்சிருவாங்க."

போட்டுப் பார்த்தேன். அவர் சொன்னது சரிதான், கிட்டத்தட்ட அப்படியே வந்தது. இந்த இடத்தில்தான் நீங்கள் என்னோடு கொஞ்சம் நிற்க வேண்டும். முன்னால் அவர் நிரப்பச் சொன்னது பாண்டியம்மாளுக்குக் கெடுதல், மறுப்பது எனக்குச் சுலபமாக இருந்தது. இப்போது சொல்வது நல்லது. என்னால்தான் அவருக்கு இந்தக் கதி என்ற குற்றவுணர்வு வேறு என்னைத் தள்ளியது. மூன்று எண்கள்தான், தட்டினால் முடிந்தது. விரலை விசைப்பலகை மேல் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். அவர் மேல் சுமத்திய குற்றமே அளக்காததை எழுதினாள் என்பதுதான். அவரைக் காப்பாற்ற நான் அளக்காததை எழுதுவதா? கையை எடுத்துவிட்டேன். மூன்று இடத்தையும் காலியாகவே விட்டு அச்செடுத்தேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்குக் குழு கூடியது. வெளியிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். பாண்டியம்மாள் மஞ்சள் பை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்துச் சிரிக்கவில்லை. நான் தாளைக் கொடுத்தேன்.

"நடுவுல மூணு இடம் காலியா இருக்கே?" என்று ஒருவர் கேட்டார்.

"அது நான் தொலைச்சது சார்" என்றேன். எப்படித் தொலைத்தேன் என்று நல்ல நேரத்திலிருந்து ஆரம்பித்துச் சொன்னேன். அறையில் யாரோ சிரிப்பை அடக்கினார்கள். மேலாளர் குனிந்துகொண்டார்.

"அந்த மூணுல எவ்வளவு பேஞ்சிருக்கும்?"

"எனக்குத் தெரியாது சார்."

"தோராயமா?"

"தோராயம் வேணும்னா சொல்லலாம். ஆனா அங்க அளந்தவங்க இங்க உக்காந்திருக்காங்க."

அவர்கள் பாண்டியம்மாளிடம் திரும்பினார்கள். எப்படி அளந்தீர்கள் என்று கேட்டார்கள். அவர் பையிலிருந்து நீள நோட்டை எடுத்து அந்தப் பக்கத்தைத் திறந்தார். "அளக்குற கிளாசு இருவது வரைக்குந்தான் கொள்ளும் சார். நெறச்சு நெறச்சுக் கீழ ஊத்தினேன். மறந்துரக்கூடாதுன்னு ஒவ்வொரு கிளாசுக்கும் ஒரு கோடு போட்டேன். அஞ்சு கோடு இருக்கா? ஆறாவது கிளாசுல பதினெட்டுத்தான் வந்துச்சு. அம்புட்டுத்தான் சார் எனக்குத் தெரியும்."

ஐந்து கோடுகள் இருந்தன. ஈரக் கையால் எழுதியதில் மை கொஞ்சம் கலங்கியிருந்தது. மூவரும் நோட்டையும் என் தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவர்களில் மூத்தவர் கண்ணாடியைக் கழற்றினார். "மிஷின்ல வந்த வரைக்கும் இந்தம்மா சொல்றதோட ஒத்துப்போகுது. வராத இடத்த இவங்க மறைக்கவும் இல்ல, நிரப்பவும் இல்ல. இந்தம்மா பதிவு நிக்கட்டும்" என்றார். எனக்கு ஒரு மெமோ கொடுக்கச் சொன்னார். கொடுத்தார்கள். என் பணிப்பதிவேட்டில் இருக்கிறது, வேண்டுமானால் போய்ப் பாருங்கள்.

எல்லோரும் காபிக்கு எழுந்து போனார்கள். பாண்டியம்மாள் மட்டும் போகவில்லை. நோட்டின் கடைசிப் பக்கத்தைத் திறந்து என் முன்னால் நகர்த்தினார்.

"அக்கா, இதையும் ஏத்திருங்க."

ஒன்பது நாள் எழுதியிருந்தது. அளக்க வேண்டாம் என்று ஆணை போன மறுநாளில் தொடங்கி, அன்று காலை எட்டரை வரைக்கும். ஏழு நாள் பூஜ்யம். ஒரு நாள் இரண்டு புள்ளி நாலு. ஒரு நாள் "தூறல், கிளாசுல நிக்கல" என்று எழுதியிருந்தார்.

"உன்னைத்தான் அளக்க வேண்டாம்னு சொல்லிட்டாங்களே பாண்டியம்மா" என்றேன்.

"என்னத்தான வேணாம்னாங்க. மழைய வேணாம்னு சொல்லலையே" என்று சொல்லிவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறதென்று எழுந்தார்.

அன்று மத்தியானமே ஒன்பது நாளையும் ஏற்றினேன். திறந்து பாருங்கள், பாண்டியம்மாளின் பத்தியில் இன்றைக்கு வரைக்கும் ஒரு நாள்கூட விட்டுப்போகவில்லை. அதற்குப் பக்கத்தில், மிஷினின் பத்தியில், அந்த மே மாதத்து ஒரு மத்தியானத்தில், மூன்று இடங்கள் காலியாக இருக்கும். அவை என்னுடையவை. நீங்கள் யாரும் நிரப்பிவிடாதீர்கள்.